கடன் அட்டை இல்லாதவன் ஏலத்தில் விற்க முடியுமா?

சென்ற வாரம் கல்லல் ரயிலடிக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு தோழர் நம்மை மடக்கிக் கேட்டார்: "செல்போனிலேயே ஏலம் போடுகிறார்களாமே, தோழர். அதற்கு என்னவோ கடன் அட்டை வேணும் என்கிறார்கள். நம்மிடம் இருப்பது ரேஷன் அட்டையும் ஆதாரும்தான். நாம் அதிலே விற்க முடியுமா, முடியாதா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் மில்லில் நூல் பார்த்தவர். 2020 மார்ச்சில் ஊரடங்கோடு தேசிய பஞ்சாலைக் கழக மில்களின் சக்கரங்கள் நின்றபோது காளையார்கோவில் மில்லும் நின்றது. அதற்குப் பிறகு அவர் ஒரு ஏக்கர் நிலத்தை வாய்ப்பேச்சுக் குத்தகைக்குப் பிடித்துக் கடலை போட்டு வருகிறார். மீதி நாட்களில் கூலி வேலை. அவருடைய கேள்வி வேடிக்கையான கேள்வி அல்ல. ஆகவே இந்த வாரம் அதற்கே பதில் எழுதுகிறோம்.

முதலில் அந்த அட்டைக் கதையைச் சொல்லிவிடுவோம். கம்ப்யூட்டரில் ஏலம் என்பது அமெரிக்காவில் 1995இல் ஈபே என்ற கம்பெனியோடு பெரிதாகப் பரவியது. அதில் முதன்முதலாக விலைபோன பொருள் ஒரு உடைந்த லேசர் விளக்கு. அதற்கு யாரோ ஒருவர் 14 டாலர் 83 சென்ட் கொடுத்தார். உடைந்த சாமானுக்கும் உலகத்தில் எங்காவது ஒரு கிராக்கி உட்கார்ந்திருக்கிறான் என்பதைக் கண்டுபிடித்ததுதான் அந்த வியாபாரத்தின் மூலதனம். ஆனால் விற்க வருகிறவன் யார், அவனிடமிருந்து கமிஷனை எப்படி வசூலிப்பது? அதற்காகத்தான் விற்கிறவனிடம் கடன் அட்டை எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. நம் நாட்டில் 2000இல் பம்பாயில் பாஸீ என்று ஒரு கம்பெனி இதே வியாபாரத்தை ஆரம்பித்தது. 2004இல் ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு விழுங்கியது. அட்டை வைத்திருப்பவன் இங்கே சொற்பம் என்பதால், வாங்குகிறவன் கொடுத்த பணத்தைக் கம்பெனியே பிடித்து வைத்திருந்து, சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு விற்றவனின் பாங்கிக் கணக்கில் போடும் ஏற்பாடு செய்தார்கள். அந்தக் கம்பெனியின் இந்தியக் கடை 2017இல் ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இதற்கிடையில் 2016இல் யுபிஐ வந்துவிட்டது. இன்று கல்லலில் கீரை விற்கும் அம்மாள்கூட ஒரு சதுரப் படத்தை ஒட்டி வைத்துப் பணம் வாங்குகிறாள். அவளிடம் எந்த அட்டை இருக்கிறது?

ஆகவே பணம் வாங்குவதற்குக் கடன் அட்டை வேண்டும் என்ற காலம் போய்விட்டது.

இனி நம் தோழரின் கடலைக்கு வருவோம். விளைபொருளுக்கு உள்ள கம்ப்யூட்டர் ஏலத்தின் பெயர் தேசிய வேளாண் சந்தை. சுருக்கமாக இ-நாம் என்கிறார்கள். மத்திய சர்க்கார் 2016 ஏப்ரல் 14ஆம் தேதி 8 மாநிலங்களில் 21 சந்தைகளோடு இதைத் தொடங்கியது. 2020 மே மாதத்தில் சந்தைகளின் எண்ணிக்கை 1,000 ஆயிற்று. பிறகும் கூடிக்கொண்டே போகிறது. தமிழ்நாட்டில் இது ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் வழியாக நடக்கிறது. இந்த விற்பனைக்கூடங்கள் புதியவை அல்ல. 1933ஆம் வருஷத்துச் சென்னை மாகாணச் சட்டத்தின்படி 1936இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் கூடம் வந்தது. எடைக்கல்லில் திருட்டு, தரகில் திருட்டு, சாம்பிள் என்று அள்ளுவதில் திருட்டு ஆகியவற்றைத் தடுக்க வேண்டும் என்பதுதான் அன்றைய நோக்கம்.

விற்கும் முறை இதுதான். பெயர், போன் நம்பர், அடையாள அட்டை, பாங்கிப் பாஸ்புக் ஆகியவற்றைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுக்குக் காசு இல்லை. மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்கினால் உங்கள் குவியலுக்கு ஒரு எண் கொடுப்பார்கள். ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று தரம் பார்ப்பார்கள். லைசென்சு பெற்ற வியாபாரிகள் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ விலை போடுவார்கள். நேரம் முடிந்ததும் கூடிய விலை எது என்று தெரியும். அந்த விலை உங்களுக்குப் பிடிக்காவிட்டால் "கொடுக்க மாட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். சம்மதித்தால் மின்தராசில் எடை, பில், பணம் உங்கள் பாங்கிக் கணக்குக்கு வரும். சந்தைக் கட்டணம் வாங்குகிற வியாபாரியின் தலையில். விற்கிறவனிடம் தரகு பிடிக்கக்கூடாது.

எங்கேயும் கடன் அட்டை கேட்கவில்லை. "முடியும், தோழர்" என்று நாம் பதில் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் நாம் அவரிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டோம்: "போன வருஷக் கடலையை யாரிடம் போட்டீர்கள்?"

அவர் ஒரு வியாபாரியைச் சொன்னார். ஆடியில் விதைக்கடலைக்கும் உழவுக்கும் அந்த வியாபாரியிடம் 15,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி. நிபந்தனை, வட்டி மட்டும் அல்ல. கடலையை அவரிடமேதான் போட வேண்டும். காயவைத்த களத்துக்கே வண்டி வந்துவிடும். விலை? "அவர் சொல்றதுதான் அண்ணே விலை."

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆடியிலேயே அவருடைய கடலை விற்றாகிவிட்டது. கொடி மண்ணுக்கு மேலே வருவதற்கு முன்பே விற்றாகிவிட்டது. கார்த்திகையில் எங்கே ஏலம் நடந்தால் அவருக்கு என்ன? கம்ப்யூட்டரில் நடந்தால் என்ன, மாட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து நடந்தால் என்ன? ஏலம் போட அவர் கையில் சரக்கு இல்லையே!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்குப் பத்து மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ என்று வைத்துக்கொண்டால் 4 குவிண்டால். 2025-26 பருவத்துக்கு மத்திய சர்க்கார் அறிவித்த கடலையின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். அந்த விலை கிடைத்தால் 29,052 ரூபாய். களத்து வியாபாரி கிலோவுக்குப் பத்தே பத்து ரூபாய் குறைத்தால் 4,000 ரூபாய் போயிற்று. 15,000 ரூபாய்க்கு நாலு மாத வட்டி 3,000 ரூபாய். ஆக 7,000 ரூபாய்! பத்து மூட்டையில் இரண்டு மூட்டைக்கு மேல் வட்டியாகவும் விலைக்குறைப்பாகவும் போய்விடுகிறது. குத்தகை, மருந்து, களையெடுத்த கூலி எல்லாம் மீதியில்தான்.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால் வண்டி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, ஒரு நாள் வேலை இழப்பு எல்லாம் உண்டு. பத்து மூட்டைக்காகத் தனி வண்டி பிடித்தால் கட்டுப்படியாகாது. ஏலத்தில் ஆதரவு விலை கிடைத்தே தீரும் என்று சொல்லவும் சட்டம் இல்லை. 2020-21இல் டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து கேட்ட கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. அவர்கள் எதிர்த்த மூன்று சட்டங்களில் ஒன்று, வருமானவரிக்காரர்களின் பான் அட்டை வைத்திருக்கும் எவனும் ஒழுங்குமுறைச் சந்தைக்கு வெளியே வந்து விளைபொருளை வாங்கலாம் என்றது. வாங்குகிறவனுக்கு ஒரே ஒரு அட்டை போதுமாம்! 2021 நவம்பரில் அந்தச் சட்டங்கள் வாபஸ் ஆயின.

சில தோழர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர் ஏலமே முதலாளிகளின் தந்திரம், நமக்கு அது வேண்டாம்" என்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. நூற்பு எந்திரத்தோடு பழகிய தொழிலாளிக்கு எந்திரத்தின்மீது கோபம் வரக்கூடாது. மின்தராசு யாருடைய மச்சானும் அல்ல. திரையில் விலை தெரிவது, காதோடு காதாக விலை பேசுவதைவிட நல்லது. ஆனால் திரை மட்டும் போதாது என்பதற்குப் போடிநாயக்கனூரைப் பாருங்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் அங்கேயும், மலைக்கு அப்பால் கேரளத்துப் புத்தடியிலும் ஏலக்காய் கம்ப்யூட்டரில்தான் ஏலம் போகிறது. விலை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. இருந்தாலும், ஏலத்தில் வாங்கிய காயையே சிலர் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவந்து விலையை அமுக்குகிறார்கள் என்று விவசாயிகள் நெடுநாளாகப் புகார் சொல்கிறார்கள். சின்னத் தோட்டக்காரன் பலசமயம் ஏல மண்டபத்து வாசலையே மிதிப்பதில்லை. ஊர் வியாபாரியிடம் போட்டுவிட்டுப் போகிறான். இ-நாமிலும் வெளிமாநிலத்து வியாபாரி வந்து விலை ஏற்றுவான் என்று சொன்னார்கள். அப்படி நடக்கும் வியாபாரம் மிகச் சொற்பம். பெரும்பாலும் அதே ஊர், அதே நாலு வியாபாரிகள். கையில் மட்டும் செல்போன். நாலு பேரும் காலையில் ஒரே கடையில் டீ குடித்துவிட்டு வந்தால், கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

திரும்ப அட்டைக்கு வருவோம். நம் தோழர் கேட்டது பட்டணத்துக்காரன் பையில் வைத்திருக்கும் கடன் அட்டையை. அது நமக்கு வேண்டாம். ஆனால் கிராமத்தில் இன்னொரு கடன் அட்டை இருக்கிறது. விவசாயக் கடன் அட்டை. 1998 முதல் பாங்கிகளும் கூட்டுறவு சங்கங்களும் கொடுத்து வருவது. பயிர்க்கடனுக்கு வருஷத்துக்கு 7 சதவீத வட்டி. தவணையில் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4 சதவீதம். தமிழ்நாட்டுக் கூட்டுறவு சங்கத்தில் தவணை தவறாமல் கட்டுகிறவனுக்குப் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் பாங்கியின் உத்தரவு. நம் தோழர் வாங்கிய அதே 15,000 ரூபாய்க்கு நாலு மாதத்துக்கு 4 சதவீதக் கணக்கில் 200 ரூபாய்தான் வட்டி. வியாபாரியிடம் அவர் கட்டியது 3,000. பாங்கி அதிகாரி கடலையை எனக்கே போடு என்று கேட்க மாட்டார். களத்துக்கு வண்டி அனுப்பவும் மாட்டார்.

ஆகவே ஏலத்துக்கு அட்டை தேவையா என்ற கேள்விக்கு நம் பதில் இரண்டு. விற்கத் தேவையில்லை. விற்பதற்குச் சரக்கு உன் கையில் மிஞ்ச வேண்டுமானால், தேவை.

ஏன் அவரிடம் இல்லை? ஒரு பாங்கியில் போய்க் கேட்டாராம். "பட்டா யார் பேரில்?" என்றார்களாம். நிலத்துக்காரர் வெளியூரில் இருக்கிறார். அடங்கல் அவர் பேரில். குத்தகைக்கு எழுத்து இல்லை. "போய் அவரைக் கூட்டி வா" என்று அனுப்பிவிட்டார்கள். நிலத்துக்காரர் வருவாரா? குத்தகை என்று எழுத்தில் வந்தால் நிலம் போய்விடும் என்று அவருக்குப் பயம். 1955ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் 1969ஆம் வருஷத்துச் சட்டமும் புத்தகத்தில் இருக்கின்றன. பதிவேட்டில் பெயர் ஏறியவர்களை நம் பக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் விவசாயக் கடன் அட்டைக்கான ரிசர்வ் பாங்கியின் விதியில் குத்தகைதாரர், வாய்ப்பேச்சுக் குத்தகைதாரர், வாரதாரர் மூவரும் தகுதியுள்ளவர்கள் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. இவர்கள் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால் குழுவுக்குக் கடன் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. விதி அச்சில் இருக்கிறது. கவுண்டருக்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். தனி ஆளாகப் போனால் "பட்டா எங்கே" என்ற கேள்விக்கு முன்னால் வாய் அடைத்துவிடும். பத்துப் பேராகப் போனால் அதிகாரி நாற்காலியைக் காட்டுவார். இது நம் அனுபவம்.

அதே பத்துப் பேர் கார்த்திகையிலும் சேர வேண்டும். பத்துப் பேருடைய மூட்டைகள் நூறு. ஒரே வண்டி, வாடகையில் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு. குவியல் பெரிதாக இருந்தால்தான் வெளியூர் வியாபாரியும் எட்டிப் பார்ப்பான். அரை வண்டிச் சரக்குக்கு எவன் வருவான்? அன்றைக்கு விலை சரியில்லை என்றால் திரும்ப ஏற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. விற்பனைக்கூடத்துக் கிடங்கில் மூட்டையை வைத்து அதன்பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். மார்கழியில் வீட்டுக்கு அரிசி வாங்கியாக வேண்டிய குடும்பத்துக்கு "கொடுக்க மாட்டேன்" என்ற உரிமை அப்போதுதான் வேலைசெய்யும்.

சொந்தமாக ஒரு மூட்டையும் இல்லாத கூலித் தொழிலாளர்கள் இதைப் படித்துவிட்டு, "எங்களுக்கு இதில் என்ன?" என்று கேட்கக்கூடும். கடலை பிடுங்கும் கூலியைப் பேசும்போது "விலை கிடைக்கவில்லையே, எங்கிருந்து கொடுப்பது" என்று குத்தகைக்காரன் கையை விரிக்கிறான் அல்லவா? பாதி நாள் அவன் சொல்வது பொய் இல்லை. அந்த 7,000 ரூபாயில்தான் உங்கள் கூலி உயர்வும் சிக்கிக் கிடக்கிறது.

நம் தோழர் இரண்டு நாள் யோசித்தார். நேற்று இரவு வீட்டுக்கு வந்தார். கூடவே இன்னும் ஆறு பேர். அதில் இரண்டு பேர் பெண்கள். ஆறு பேரும் எழுத்தில்லாத குத்தகைதான். பாஸ்புக்கும் ஆதாரும் ஒரு மஞ்சள் பையில் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். ரிசர்வ் பாங்கி விதியைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்; எழுதிக் கொடுத்தோம். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் பத்து ஆகிவிடும். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு பாங்கி வாசலில் கூடுகிறோம்.