பாதுகாப்புக் காவல்: பாதுகாப்பு யாருக்கு?

'ஷுட்ஸ்ஹாஃப்ட்' என்பது ஒரு ஜெர்மன் சட்டச் சொல். பாதுகாப்புக் காவல் என்று பொருள். கும்பல் ஒருவனை அடிக்க வந்தால், அவன் உயிரைக் காக்கப் போலீஸ் தன் காவலில் வைப்பது. பிரஷ்யாவின் 1850ஆம் ஆண்டுச் சட்டம், மறுநாளுக்குள் அவனை விட வேண்டும் அல்லது உரிய அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது.

1933 பிப்ரவரி 27 இரவு ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே அவசர ஆணை! அதன்பின் அதே சொல்லுக்கு வழக்கு இல்லை, நீதிபதி இல்லை, கெடுவும் இல்லை. பாதிரியார் மார்ட்டின் நிமோலரை 1938 மார்ச்சில் நீதிமன்றம் வெளியே விட்டது. ஹிட்லரின் ரகசியப் போலீஸ் கையோடு பிடித்து முகாமுக்கு அனுப்பியது. 1945 வரை அவர் மீளவில்லை. காகிதத்தில் அவர் 'பாதுகாக்கப்பட்டவர்'!

இங்கே அதன் பெயர் தடுப்புக் காவல். ஹிட்லர் ஆட்சியும் இதுவும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஜாமீன் கிடைத்து வீடு திரும்ப வேண்டியவன் குண்டர் சட்ட ஆணையால் சிறையிலேயே கிடப்பதை எந்தப் பெயரால் அழைப்பது?

"தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று ஆவுடையார்கோவில் கடைத்தெருவில் கேட்கும் வணிகப் பெருமக்களே! கள்ளச்சந்தைத் தடுப்புக்கென 1980இல் வந்த சட்டம் வணிகரை விசாரணையின்றி ஆறு மாதம் அடைக்கும். காலாவதி மருந்தை விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது தமிழகத்தில் பாய்ந்தது 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம். அதன் ஆயுள் ஓராண்டு. சாதாரணச் சட்டமே போதும் என்னும்போது தடுப்புக் காவல் செல்லாது என 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

மீமிசல், கோபாலப்பட்டிணம் இளைஞர்களே, கோஷம் போடுமுன் இதைப் படியுங்கள். குண்டர் சட்டத்தில் பிடித்தால் ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். அதுவும் பிடிபட்டவனுக்குப் புரியும் மொழியில்! தாள்களை வாங்கும்போது தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆட்சியருக்கும் அரசுக்கும் உடனே முறையீடு அனுப்புங்கள். மூன்று வாரத்துக்குள் விவகாரம் ஆலோசனைக் குழுமத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அங்கே வக்கீலை உரிமையாகக் கேட்க முடியாது. ஆகவே அவனே பேசப் பழக்குங்கள். முறையீட்டைக் காரணமின்றிக் கிடப்பில் போட்ட தாமதத்துக்காகவே உயர் நீதிமன்றத்தில் பல ஆணைகள் உடைந்திருக்கின்றன. ஆட்கொணர்வு மனுவுக்கு நமக்கு மதுரைக் கிளை.