குழாயில் புகை, கையில் சான்றிதழ்

இன்றைய பதிவு கொஞ்சம் காரமாக இருக்கும். வழக்கமாக வாசிக்கும் நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

நம் ஊரில் வண்டிகளுக்குப் புகைச் சோதனை என்று ஒன்று நடக்கிறதே, அது பல இடங்களில் சோதனையே இல்லை. சான்றிதழ் வியாபாரம். 31 வருஷம் மோட்டார் மெக்கானிக் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னப் பாடம். இன்றைய பெட்ரோல் காரில், எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு தகர டப்பா இருக்கும். அதுதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகங்களின் மெல்லிய பூச்சு. எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்ஸைடு மூன்றையும் அது பெரும்பாலும் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்ஸைடாகவும் நைட்ரஜனாகவும் மாற்றிவிடும். ஆனால் அது கொஞ்சம் செல்லப்பிள்ளை. 300 டிகிரி பக்கம் சூடேற வேண்டும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்கு தப்பக்கூடாது. பெட்ரோலில் ஈயம் இருந்தால் செத்தே போகும்.

1995 ஏப்ரல் முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். 2000-ல் நாடு முழுக்க ஈயப் பெட்ரோல் நின்றது. அரசு செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று, மறுக்க மாட்டேன்.

கட்டாயமாக்கியவர்கள், அந்த டப்பா இன்னும் வண்டியில் இருக்கிறதா என்று பார்க்கிறார்களா? அங்கேதான் என் கோபம்.

என் அண்ணன் மகன் பழைய கார் ஒன்று வாங்கினான். சத்தம் ஒரு மாதிரி இருக்கிறதே என்று அடியில் படுத்துப் பார்த்தேன். டப்பா வெளியே அப்படியே இருக்கிறது. உள்ளே தேன்கூட்டைக் காணோம். முன்பு யாரோ உலோகத்துக்காக உடைத்து எடுத்துவிட்டு, வெறும் டப்பாவை வெல்டிங் வைத்து மூடியிருக்கிறார்கள். அந்த வண்டிக்குக் கார்பன் மோனாக்ஸைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று செல்லுபடியாகும் சான்றிதழ் இருந்தது! கன்வெர்ட்டர் இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குள் வருவது கஷ்டம். குழாயைச் சைலன்சருக்குள் விட்டிருந்தால் மிஷின் காட்டிக்கொடுத்திருக்கும். விடவில்லை என்றுதான் அர்த்தம்.

போன மாதம் என் வண்டிக்கும் அதே கதை. "சார், வண்டியை ஆஃப் பண்ணிடுங்க, நம்பர் பிளேட் மட்டும் தெரியட்டும்" என்றார் அந்தத் தம்பி. எஞ்சினை நிறுத்திவிட்டு என்ன புகையை அளப்பது? கேமரா நம்பர் பிளேட்டைப் பிடித்தது. புகையை யாரும் பிடிக்கவில்லை. அவர் கையில் கிடைப்பது சொற்பக் கூலி, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தக் காகிதம் இல்லாவிட்டால் 2019-ல் திருத்திய சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். காகிதத்துக்கு அவ்வளவு மரியாதை, நம் நுரையீரலுக்கு ஒன்றுமில்லை.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் ஓடும் மீன்பாடி வண்டியை நம் வட்டாரத்தில் அறியாதவர் யார்? மூன்று சக்கரம், ஒரு பலகை, பழைய ஸ்கூட்டர் எஞ்சின், புதுப்பேட்டையில் பொறுக்கிய சாமான். முழுக்க முழுக்க நம் ஆட்கள் கையால் செய்த வண்டி. ஆர்.சி. புக் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, புகைச் சோதனை கிடையாது. பிரேக்கைப் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. பிடிக்கிறார்கள், விடுகிறார்கள், மறுபடி ஓடுகிறது. அதன் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலோடு ஆயிலையும் அரைகுறையாக எரித்து நீலப் புகையாகக் கக்குகிறது. அதைச் சுவாசிப்பவர்களில் முதல் ஆள் அதை ஓட்டுகிறவர்தான்.

"தடை செய்" என்பது சுலபம். சரி, அதே மனிதர் நல்ல பிரேக் வைத்து, கன்வெர்ட்டரோடு கூடிய எஞ்சின் வைத்து, ஒழுங்காக ஒரு வண்டி செய்துகொண்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனால் பதிவு செய்வார்களா? மாட்டார்கள். புது மாடலுக்கு ஒப்புதல் வாங்குவது கம்பெனிகளுக்காக வகுத்த வழி. ஒற்றை வண்டி செய்பவர் அந்தச் செலவைத் தாங்க முடியாது. இருக்கிற வண்டியைக் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாற்றவும் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஒழுங்காகச் செய்ய நினைப்பவனுக்குக் கதவே இல்லை என்றால், அவன் எதற்காக ஒழுங்காகச் செய்ய வேண்டும்?

இங்கிலாந்தில் வீட்டு ஷெட்டில் கார் கட்டுவது பலருக்குப் பொழுதுபோக்கு. கிட் கார் என்பார்கள். 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இந்த வகையில் பேர் பெற்றது. அப்படிக் கட்டிய ஒற்றை வண்டியையும் அரசே சோதிக்கும். 1998-ல் அதற்கென ஒரு முறை வந்தது, 2009-ல் இன்னும் கடுமையான முறை வந்தது. பிரேக், விளக்கு, பெல்ட், கூர்முனை எல்லாம் பார்ப்பார்கள். குழாயை உள்ளே விட்டுப் புகையையும் அளப்பார்கள். எஞ்சின் எந்த வருஷத்தது என்று காட்டினால் அந்த வயதுக்குரிய அளவு. புது எஞ்சின் என்றால் கன்வெர்ட்டர் இல்லாமல் தேற முடியாது. "யார் செய்தது" என்று கேட்டு விரட்டாமல், "எப்படி ஓடுகிறது" என்று பார்க்கிறார்கள்.

"அது பணக்கார நாடு, நம்மிடம் ஆள் எங்கே?" என்று கேட்பீர்கள். ஆளும் இருக்கிறது, மிஷினும் இருக்கிறது. சோதனை மையங்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. குழாயை உள்ளே விட ஐந்து நிமிஷம் போதும். இல்லாதது அந்த ஐந்து நிமிஷ மனசு. "எல்லாம் எலெக்ட்ரிக் ஆகிவிடும்" என்பார்கள் சிலர். ஆகட்டும். அதுவரை பேரப்பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டா இருப்பார்கள்?

நான் கேட்பது மூன்றே மூன்று. நம்பர் பிளேட்டோடு, குழாய் சைலன்சருக்குள் இருப்பதையும் கேமரா படம் பிடிக்கட்டும். எஃப்.சி.யின்போதும் கைமாறும்போதும் கன்வெர்ட்டர் உண்மையில் இருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்க்கட்டும். கையால் வண்டி செய்பவருக்கு, தாங்கக்கூடிய கட்டணத்தில், கறாரான ஒரு சோதனை வரட்டும். தேறினால் நம்பர், தேறாவிட்டால் ரோட்டுக்கு வரக்கூடாது.

அரசு செய்வது இருக்கட்டும். அடுத்த முறை நீங்கள் போகும்போது எஞ்சினை நிறுத்தாதீர்கள். "குழாயை உள்ளே விடுப்பா, நான் பார்க்கணும்" என்று கேளுங்கள். நம் வயதுக்காரர்கள் கேட்டால் மறுக்கத் தயங்குவார்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. காசு கொடுப்பது நாம்தானே.