காலி லிஸ்ட்டை நம்பாதீங்கோ

போன கிழமை எபிசோட்டில் கிளவுட் பில்லைக் குறைப்பது பற்றிக் கதைத்தோம். அதில் நான் போகிற போக்கில் ஒரு வசனம் சொன்னேன்: "முதல்ல என்ன இருக்கு எண்டு லிஸ்ட் பண்ணிப் பாருங்கோ." திரும்பக் கேட்டபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு கமாண்ட் அடித்தால் முடிகிற வேலை மாதிரிச் சொல்லிவிட்டேன். அது அப்படி இல்லை. அதனால்தான் இந்தத் தடவை எழுத்தில்.

போன வருடம் லண்டனில் ஒரு நடுத்தரக் கம்பனியில் ஆறு மாதக் கொன்ட்ராக்ட். அவர்களிடம் 2014இல் திறந்த பழைய அமேசான் கிளவுட் கணக்கு ஒன்று இருந்தது. அதை மூட வேண்டும். படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். கெட்டிக்காரன். கொன்சோலில் கிளிக் பண்ணித் திரியாமல் நேராக டெர்மினலைத் திறந்து, 'ஏடபிள்யூஎஸ் ஈசி2 டிஸ்கிரைப்-இன்ஸ்டன்சஸ்' என்று அடித்திருக்கிறான். 'ரிசர்வேஷன்ஸ்' என்று ஒரு சொல்லும், பக்கத்தில் உள்ளே ஒன்றும் இல்லாத சதுர அடைப்புக்குறிகளும் வந்திருக்கின்றன. டிக்கெட்டில் எழுதிவிட்டான்: ஒன்றும் ஓடவில்லை, மூடலாம்.

"அண்ணா, நீங்க ஒருக்கா ஓகே சொன்னா மூடிடலாம்."

"பில் எவ்வளவு வருது தம்பி?"

"மாசம் 200 டொலருக்குக் கொஞ்சம் மேல. பழைய ஃபைல்களுக்கா இருக்கும்."

ஒன்றும் ஓடாத கணக்குக்கு ஏன் ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அதே தொகை வருகிறது? அவனுடைய லாப்டொப்பில் டிஃபோல்ட் ரீஜியன் லண்டன். டீமில் எல்லோருக்கும் அதுதான். ஆனால் அமேசானின் லண்டன் ரீஜியன் திறந்ததே 2016 டிசம்பரில். அதற்கு முன் கணக்குத் திறந்த இங்கிலாந்துக் கம்பனி தன் மெஷின்களை எங்கே வைத்திருக்கும்? பெரும்பாலும் அயர்லாந்தில். அதே கமாண்ட், கடைசியில் ரீஜியனுக்கு 'ஈயூ-வெஸ்ட்-1' என்று மட்டும் சேர்த்து அடித்தோம். திரை நிரம்பி வழிந்தது. நாலு மெஷின்கள், அதில் மூன்று ஓடிக்கொண்டிருந்தன.

அந்த மூன்றில் ஒன்று என்ன செய்தது தெரியுமா? தனியாக இருக்கும் வயசானவர்களின் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிற ஒரு சேவைக்கு, அடுத்த நாள் யார் யாருக்கு என்ன சாப்பாடு, யாருக்குச் சீனி கூடாது என்கிற பட்டியலை ஒவ்வொரு இரவும் அனுப்பிக்கொண்டிருந்தது. கம்பனியில் அதைச் செய்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். கணக்கை மூடியிருந்தால் அதுவும் நின்றிருக்கும். யாருக்கும் எரர் வந்திருக்காது. அடுத்த நாள் காலையில் டிரைவரின் கையில் பட்டியல் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். கமாண்ட் பொய் சொல்லவில்லை. "லண்டனில் மெஷின் இருக்கா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சரியாகப் பதில் சொன்னது. அவன் கேட்க நினைத்த கேள்வி வேறு. எங்கள் வீடுகளில் கராஜுக்குள் இரண்டாவது ஃபிரீசர் ஒன்று இருக்கும், தெரியும்தானே? குசினி ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு "வீட்டில மீன் இல்லை" என்று சொன்னால் அம்மா என்ன சொல்லுவா?

இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. 'ஏடபிள்யூஎஸ் எஸ்3 எல்எஸ்' என்று அடித்தால் எந்த ரீஜியனில் இருந்தாலும் உங்கள் பக்கெட்டுகள் எல்லாம் ஒரே லிஸ்ட்டில் வரும். நிறையப் பேர் முதலில் பழகுவது அதைத்தான். பிறகு மெஷின், டிஸ்க், டேட்டாபேஸ் எல்லாம் அப்படித்தான் வரும் என்று மனதுக்குள் பதிந்துவிடும். வராது. அவற்றுக்கு ரீஜியன் ரீஜியனாகக் கேட்க வேண்டும். 'டிஸ்கிரைப்-ரீஜியன்ஸ்' தருகிற பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சின்ன லூப் போட்டுக் கேட்கலாம், ஐந்து வரி ஸ்கிரிப்ட். அதுவும் ஒரு சேவைக்கு மட்டும்தான். டிஸ்க்குக்கு வேறு கமாண்ட், ஐபி விலாசத்துக்கு வேறு கமாண்ட். நிறுத்தி வைத்த மெஷினின் டிஸ்க்குக்கும் காசு போகும். 2024 பெப்ரவரியில் இருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4 விலாசத்துக்கும் மணிக்கு 0.005 டொலர், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும். மாதம் மூன்றரை டொலர் சொச்சம். மறந்துபோன பத்து விலாசம் என்றால் கணக்குப் போடுங்கள்.

"எல்லாத்தையும் ஒரே அடியில காட்டுற கமாண்ட் இல்லையா அண்ணா?" என்று தம்பி கேட்டான். இருக்கிற மாதிரித் தோன்றும். டேக் ஏபிஐயில் 'கெட்-ரிசோர்சஸ்' என்று ஒன்று உண்டு. ஆனால் ஒரு தடவையாவது டேக் போட்ட பொருட்களைத்தான் அது காட்டும், அதுவும் ஒரு ரீஜியனில். மறந்துபோன பொருளுக்கு யார் டேக் போட்டிருப்பார்கள்? நாங்கள் தேடுவதே அதைத்தானே. 2022இல் வந்த ரிசோர்ஸ் எக்ஸ்புளோரர் பரவாயில்லை, ரீஜியன்களைத் தாண்டித் தேடும். ஆனாலும் எல்லா வகையும் அதில் வராது. டெராஃபோர்ம் ஸ்டேட் ஃபைலைப் பார்த்தால் போதும் என்பவர்களோடு எனக்குப் பழைய சண்டை. டெராஃபோர்முக்குத் தான் செய்ததும் தன்னிடம் ஒப்படைத்ததும் மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரம் யாரோ அவசரத்தில் கையால் உண்டாக்கிய மெஷின் அதற்குத் தெரியாது.

என் அபிப்பிராயம்: தேடலைப் பில்லில் இருந்து தொடங்குங்கள். காசு எந்த ரீஜியனில், எந்தச் சேவைக்குப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள். பிறகு அந்த இடத்துக்குப் போய் லிஸ்ட் பண்ணுங்கள். (கமாண்ட் லைனில் இருந்து பில் விபரம் கேட்டால் ஒரு கேள்விக்கு 0.01 டொலர் எடுப்பார்கள். காசு எங்கே போகிறது என்று கேட்கவும் காசு!) பில்லிலும் ஒரு ஓட்டை உண்டு. யூசர் கணக்குகளுக்கும் அக்செஸ் கீகளுக்கும் காசு இல்லை, அதனால் அங்கே வராது. வேலையை விட்டுப் போனவரின் கீ இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மற்றக் கிளவுட்காரர்களும் இதே கதைதான், ஓட்டை வேறு இடத்தில். அஷூரில் 'ஏஇசட் ரிசோர்ஸ் லிஸ்ட்' ரீஜியன்களைத் தாண்டிக் காட்டும், ஆனால் நீங்கள் அப்போது நிற்கிற சப்ஸ்கிரிப்ஷனுக்குள் மட்டும். உங்களுக்குப் பார்க்க அனுமதி இல்லாத பொருள் லிஸ்ட்டில் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். அமேசானில் அனுமதி இல்லை என்றால் பெரும்பாலும் முகத்தில் அடித்த மாதிரி எரர் வரும். எனக்கு அந்த மரியாதையில்லாத எரர்தான் பிடிக்கும்.

நானும் சறுக்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பக்கெட்டில் எத்தனை ஃபைல் என்று எண்ணச் சொன்னார்கள். அவுட்புட்டை டெக்ஸ்ட் என்று வைத்து, குவெரியில் நீளத்தைக் கேட்டேன். என் ஸ்கிரிப்ட் 1000 என்றது. ரிப்போர்ட்டில் அப்படியே எழுதினேன். உண்மையில் 2,340. டெக்ஸ்ட் என்றால் குவெரி ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக ஓடும், ஒரு பக்கத்துக்கு 1000 ஃபைல்தான். விடை 1000, 1000, 340 என்று வரிவரியாக வந்திருக்கிறது. என் ஸ்கிரிப்ட் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டது. ஜேசன் என்று வைத்திருந்தால் மொத்தமாக வந்திருக்கும். அவ்வளவு வட்டமான எண்ணைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை என்பதுதான் வெட்கம்.

இப்போது உங்களில் நிறையப் பேர் இதை ஏஐ ஏஜென்ட்டிடம் கேட்கிறீர்கள். கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் அதுவும் உங்கள் லாப்டொப்பில் இருக்கிற அதே டிஃபோல்ட்டோடுதான் கமாண்டை ஓட்டும். காலி அடைப்புக்குறியைப் பார்த்துவிட்டு, அழகான வசனத்தில் "உங்கள் கணக்கில் எதுவும் ஓடவில்லை" என்று சொல்லக்கூடும். எந்தக் கணக்கில் இருந்து, எந்த ரீஜியனில் கேட்டது என்று திருப்பிக் கேளுங்கள். நான் எதற்கும் முன்னால் 'கெட்-காலர்-ஐடென்டிட்டி' அடித்துவிடுவேன், நான் யாராக உள்ளே நிற்கிறேன் என்று தெரிவதற்கு.

தம்பி டிக்கெட்டைத் திருத்தி எழுதினான். ஒவ்வொரு லிஸ்ட்டுக்கும் மேலே கணக்கு இலக்கம், ரீஜியன், தேதி. சாப்பாட்டுப் பட்டியல் மெஷினைப் புதுக் கணக்குக்கு மாற்ற மூன்று கிழமை எடுத்தது. ஓடிக்கொண்டிருந்த மற்ற இரண்டில் ஒன்று வெறும் டெஸ்ட் மெஷின், நிறுத்தினோம். மிச்சம் இருந்த ஒன்று யாருடையது என்று நான் கொன்ட்ராக்ட் முடித்து வெளியே வரும்வரை ஒருவரும் சொல்லவில்லை. அதை ஓடவிட்டுவிட்டுத்தான் வந்தேன்.