சிஸ்டமேட்டிக் – புகழ்ச்சியா, பழியா?

ஏற்காட்டிலிருந்து வாசக அன்பர் ஒருவர் மடல் விடுத்துள்ளார். காப்பித் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் வேலையை மேற்பார்வை செய்பவராம். மருந்துப் புட்டியின்மீது ‘சிஸ்டமிக்’ என்று அச்சிடப்பட்டிருக்கிறது. கல்லூரியில் பயிலும் அவருடைய மகளோ, “இது அச்சுப் பிழை அப்பா; ‘சிஸ்டமேட்டிக்’ என்றுதான் இருக்க வேண்டும்” என்கிறாளாம். யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

புட்டி சொல்வதே சரி. காப்பிச் செடியின் இலைத்துரு நோய்க்கு நம் முன்னோர் காலந்தொட்டுத் தெளித்து வரும் போர்டோக் கலவையை எண்ணிப் பாருங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தக் கலவை இலையின் மேற்பரப்பிலே தங்கி நின்று நோயைத் தடுக்கும். செடியின் உள்ளே புகாது. ‘சிஸ்டமிக்’ மருந்தோ இலைக்குள் புகுந்து, சாற்றோடு கலந்து செடியினுள் பரவும். வேளாண் அலுவலர்கள் இதனை ‘ஊடுருவும் மருந்து’ என்பர், நல்ல சொல். மருத்துவர் ஒரு நோயைச் ‘சிஸ்டமிக்’ என்று குறித்தால், அது ஓர் உறுப்போடு நில்லாமல் உடல் முழுவதையும் பற்றியது என்று பொருள். மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் கடிந்துகொள்ள வேண்டாம். அவள் நினைத்த சொல்லில்தான் நம்மில் பலர் இடறி விழுகிறோம்.

இரண்டு சொற்களுக்கும் தாய் ஒருத்தியே. ‘சிஸ்டம்’ என்பது கிரேக்க மொழியிலிருந்து வந்தது. பல பொருள்களை ஒன்றுசேர நிறுத்தி வைத்தல் என்பது அதன் அடிப்படைக் கருத்து. அவ்வாறு நிறுத்தி வைக்கப்பட்ட முழுமையினுள் பரவியிருப்பது ‘சிஸ்டமிக்’. ஒரு முறையை வகுத்துக்கொண்டு, அதன்படி படிப்படியாகச் செய்யப்படுவது ‘சிஸ்டமேட்டிக்’.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அந்த அன்பர் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963ஆம் ஆண்டிலே ஏற்காட்டில் நிறுவிய ஆர்க்கிட் தோட்டம் அவர் ஊரிலேயே இருக்கிறது. சுற்றுலா வருவோர் பூவின் அழகைக் கண்டு வியந்து, குடுவைச் செடியை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு செடி இன்ன குடும்பம், இன்ன பேரினம், இன்ன சிற்றினம் என்று வகுத்தறியும் கல்விக்கு ஆங்கிலத்தில் ‘சிஸ்டமேட்டிக் பாட்டனி’ என்றே பெயர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735இல் வெளியிட்ட நூலுக்கு இட்ட பெயரிலும் இந்தச் ‘சிஸ்டம்’ உண்டு.

இத்துறையில் நம் மலைகளுக்குப் பெருந்தொண்டு புரிந்தவர் இயேசு சபைக் குரு கே. எம். மேத்யூ அடிகளார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967இல் ராப்பினாட் உலர்தாவரச் சாலையை நிறுவி, தம் மாணவரோடு சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை எனக் காடு மேடெல்லாம் நடந்து செடிகளைத் திரட்டினார். 1981 முதல் 1988 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்த அவருடைய தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் அந்த நடையின் பயனே. இத்தகைய வேலை எப்படி நடக்கிறது என்று அறிந்தால் சொல்லின் பொருளும் விளங்கிவிடும். பறித்த கிளையைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்துவார்கள். தடித்த அட்டையில் ஒட்டுவார்கள். எந்த நாள், எந்த இடம், எவ்வளவு உயரம், திரட்டியவர் யார், அவருடைய வரிசை எண் என்ன என்பதையெல்லாம் ஓரத்தில் எழுதுவார்கள். ஒட்டிய தாளைக் குடும்பவாரியாக அறையில் அடுக்குவார்கள். நாற்பது ஆண்டு கழித்து முன்பின் அறியாத ஒருவர் வந்து கேட்டாலும் அந்தத் தாளை எடுத்துத் தர இயலும். ‘சிஸ்டமேட்டிக்’ என்பது இதுதான். துப்புரவாக இருப்பது வேறு. அதற்கு ‘ஆர்டர்லி’ என்ற சொல் உண்டு. மேசை துப்புரவாக இருக்கும், தேடிய தாள் மட்டும் கிடைக்காது! என் மேசையைச் சொல்கிறேன்.

இதனால் நாம் ‘சிஸ்டமேட்டிக்’ என்றாலே புகழ்ச்சி என்று எண்ணிவிடுகிறோம். ‘முறையான’, ‘ஒழுங்கான’ என்று மொழிபெயர்க்கிறோம். தமிழில் ‘முறை’ என்ற சொல்லுக்குள்ளே நீதியும் குடியிருக்கிறது. ‘முறையற்ற செயல்’ என்றாலே கண்டனம்தான். ஆங்கிலச் சொல்லுக்குள் அந்த நீதி கிடையாது. ‘சிஸ்டமேட்டிக்’ ஆகக் கொள்ளையடிக்கலாம், பொய் பரப்பலாம், ஓர் இனத்தையே வதைக்கலாம். அதை ‘முறையான கொள்ளை’ என்று பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும். ‘திட்டமிட்ட கொள்ளை’ என்றே எழுத வேண்டும். மனிதர் செயலைக் குறித்துக் குறை கூறும்போது இச்சொல் வந்தால், பின்னால் ஒருவரின் திட்டம் இருக்கிறது என்ற குற்றச்சாட்டும் கூடவே வந்துவிடுகிறது.

இதை நான் அகராதி பார்த்துக் கற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், அதே மலையில் ஒரு தோட்டத்தில், பழம் பறிக்கும் பெண்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். மாலையில் மூட்டையை நிறுக்கும்போது எடை குறைகிறது, கூலியும் குறைகிறது என்று முறையிட்டார்கள். நான் சென்று பார்த்தேன். தொங்கு தராசில் ஒன்றும் மாட்டாதபோதே முள் பூச்சியத்துக்குக் கீழே நின்றது. ஆகவே எல்லா மூட்டையிலும் ஒரே அளவு குறைவு. மேலாளருக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். ‘சிஸ்டமேட்டிக்’ ஆக எடை குறைக்கப்படுகிறது என்பது அதில் ஒரு வரி.

இயற்பியல் படித்தவன் என்ற செருக்கோடு எழுதிய வரி அது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகச் சாயும் பிழைக்குச் ‘சிஸ்டமேட்டிக் எர்ரர்’ என்றே பெயர். அங்கே அது கருவியின் குற்றம். எவருடைய வஞ்சகமும் அதிலில்லை. ஆனால் மேலாளர் இயற்பியல் படிக்கவில்லை. திட்டமிட்டுத் திருடுகிறார்கள் என்றே படித்தார். தராசைப் பார்க்காமல் கணக்குப்பிள்ளையை அழைத்து விசாரணை வைத்தார். கணக்குப்பிள்ளை எங்கள் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறுதோறும் எனக்கு முன்வரிசையில் அமர்பவர். அந்த ஞாயிறு கோவில் வாசலில் என்னை நிறுத்தி, “என்ன சார், என்னைத் திருடன் என்றா எழுதிக் கொடுத்தீர்கள்?” என்றார். அருகில் அவர் மனைவியும் பிள்ளைகளும் நின்றிருந்தனர். “இல்லை ஐயா, தராசைத்தான் சொன்னேன்” என்றேன். அவர் நம்பவில்லை. நம்ப வேண்டிய கட்டாயமும் அவருக்கில்லை. எழுத்தில் அவ்வாறுதான் இருந்தது.

விசாரணை நடந்த மூன்று வாரமும் தராசு அப்படியே தொங்கியது. பழம் பறிக்கும் பருவம் பாதி கழிந்துவிட்டது. அந்தப் பெண்கள் என்னை ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

பிறகு விண்ணப்பத்தைத் திருத்தி எழுதினேன். உரிச்சொல் எதுவும் இல்லை. வெறுந்தராசின் முள் பூச்சியத்துக்குக் கீழே நிற்கிறது, ஆகவே ஒவ்வொரு மூட்டையும் அந்த அளவு குறைத்துக் காட்டப்படுகிறது, முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று மூன்றே செய்திகள். மறுநாள் மாலை, பெண்கள் சூழ்ந்து நிற்க, எடைக்கல்லைத் தூக்கிக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டியவர் அந்தக் கணக்குப்பிள்ளையே. முள் நின்ற இடத்தை அவரே உரக்கப் படித்தார். என் பக்கம் அவர் திரும்பவில்லை.