குதிகால் வலிக்கு ஊசி போடும் முன்…



குதிகால் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருத்தி பள்ளி ஆசிரியை, ஒருத்தி ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள், இன்னொருத்தி என் சித்தி மகள். மூவருக்கும் போனில் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவள் என்பதால் இந்த வலி எனக்குப் பழக்கம்.

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் ஆணி குத்தியதுபோல் வலிக்கும். கொஞ்சம் நடந்தால் குறையும். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்துக்கு அடியில் ஓடும் நார்ப்பட்டை நைந்துபோவதால்தான் பெரும்பாலும் இப்படி வருகிறது. எக்ஸ்ரேயைப் பார்த்து "எலும்பு வளர்ந்திருக்கு" என்றால் பயப்படாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் உண்டு.

ஊசியைப் பற்றி என் கருத்து இதுதான்: அது விஷமும் இல்லை, முழுத் தீர்வும் இல்லை. அது கொடுப்பது கொஞ்ச நாள் அவகாசம். மெல்போர்னில் 82 பேரிடம் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு நான்காவது வாரத்தில் வலி குறைந்திருந்தது. எட்டாவது வாரத்திலும் பன்னிரண்டாவது வாரத்திலும் பார்த்தபோது, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட இவர்களுக்கு வலி குறைந்திருந்ததாகச் சொல்ல முடியவில்லை.

வலி திரும்பியதும் இரண்டாவது ஊசி, அப்புறம் மூன்றாவது என்று போகிறோமே, ஆபத்து அங்கேதான். அடிக்கடி போட்டால் அந்த நார்ப்பட்டை பலமிழந்து அறுந்துபோகலாம். குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்பும் மெலிந்துபோகலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். அதனால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது செலவில்லாதது. படுக்கையை விட்டு இறங்கும் முன், வலிக்கும் காலை மற்றக் கால் முட்டிமேல் போட்டு, கால் விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடியுங்கள். பத்து வரை எண்ணி விடுங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காமல், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். எடை கூடியிருந்தால் குறைக்கப் பாருங்கள். பலன் தெரியச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். ஆனால் பெரும்பாலானோருக்கு ஒரு வருடத்துக்குள் ஊசி இல்லாமலே வலி அடங்கிவிடுகிறது.

இத்தனையும் செய்தும் நடக்க முடியவில்லை என்றால், மருத்துவர் சொல்லும் ஒரு ஊசியைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வலி குறையும் அந்த நாலு வாரத்தில் பயிற்சியை விடாமல் செய்யுங்கள். ஊசி போட்டாயிற்று என்று மறுநாளே பத்து மணி நேரம் நிற்கப் போனால் போட்டதற்கு அர்த்தமே இல்லை. வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல், படுத்திருக்கும்போதும் விடாத வலி இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, உங்களில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் நம் மாநிலத்தில் சட்டமே வந்துவிட்டது. நாள் முழுக்க நிற்கவைத்துவிட்டு, வலிக்கிறது என்றால் ஊசி போட்டுக்கொண்டு வா என்பது நியாயமில்லை. உங்கள் கடையில் நாற்காலி இருக்கிறதா, அதில் அவர்கள் பயமில்லாமல் உட்கார முடிகிறதா என்று நாளைக்கே பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்