பச்சைப் பாலில் சீஸ் செய்து விற்கலாமா?

‘‘நான்கு மாடுகள் வளர்க்கிறேன். காய்ச்சாத பாலில் செய்யும் சீஸுக்கு நல்ல விலை கிடைக்கும் என்கிறார்கள். செய்து விற்கலாமா? கிருமி ஆபத்து உண்டா?’’

- வாசகர் ஒருவர், ராஜபாளையம்.

ஆபத்து உண்டு. பாலைச் சூடுபடுத்தாமல் செய்யும் மென்மையான சீஸை விற்பனைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா, 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கான பால், அடுப்பில் நெடுநேரம் கொதித்துச் சுண்டுகிறது. பாலோடு வந்த நோய்க்கிருமிகள் அந்தச் சூட்டிலேயே செத்துவிடும். பச்சைப் பால் சீஸில் அந்த வேலை நடப்பதில்லை. உறை ஊற்றி, ரென்னெட் சேர்த்து, இளஞ்சூட்டில் பாலைத் திரிய விடுகிறார்கள். அந்தச் சூடு கிருமிகள் பெருகத் தோதானது. தண்ணீர் வடிந்த பிறகும், கிருமிகளில் பெரும்பகுதி கட்டியிலேயே தங்கிவிடும்.

சாணம், கறப்பவரின் கை, பாத்திரம் ஆகியவற்றிலிருந்து ஈ.கோலை, சால்மோனெல்லா போன்றவை பாலில் சேரலாம். மடிநோய் கண்ட மாட்டிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் வரும். இது பாலில் பெருகி நஞ்சை உண்டாக்கிவிட்டால், பிறகு காய்ச்சினாலும் நஞ்சு போகாது. கன்று வீச்சு நோய் (புருசெல்லோசிஸ்) தாக்கிய மாடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால், அதன் பச்சைப் பால் மனிதர்களுக்கு விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டுவலியையும் கொடுக்கும்.

லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டியிலும் வளரக்கூடியது; கர்ப்பிணிகளின் கருவைக் கலைக்கும். 1985-ம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில், மென்மையான சீஸ் மூலம் இது 142 பேரைத் தாக்கியது. கருவிலிருந்த சிசுக்களையும் சேர்த்து 48 உயிர்கள் போயின. சூடுபடுத்திய பாலோடு பச்சைப் பால் கலந்ததே காரணமாகக் கருதப்பட்டது. அந்த நாட்டில் பச்சைப் பால் சீஸை 60 நாள்களாவது பதப்படுத்தியே விற்க வேண்டும் என்று விதி உள்ளது. புளிப்பும் உப்பும் சேர்ந்து கிருமிகளைக் குறைக்கும் என்பதற்காகத்தான் அந்த அவகாசம். அதையும் தாண்டி ஈ.கோலை பிழைத்திருந்தது உண்டு. இன்று செய்து நாளை விற்கும் சீஸுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

சீஸ் செய்யும் ஆசையைக் கைவிட வேண்டியதில்லை. கறந்த பாலை உடனே வடிகட்டி, 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடங்கள் வைத்திருந்து, ஆறவிட்டு உறை ஊற்றுங்கள். தெர்மாமீட்டர் கட்டாயம், கைச்சூடு கணக்கில் வராது. பொங்கக் காய்ச்சவும் கூடாது. அப்படிச் செய்தால் ரென்னெட்டில் கட்டி உறுதியாக நிற்காது. சூடுபடுத்திய பாலைப் பச்சைப் பால் இருந்த பாத்திரத்தில் ஊற்றாதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பனீர் எளிது. பாலை நன்றாகக் காய்ச்சிய பிறகே திரிய வைப்பதால் ஆபத்து குறைவு. அதிலும் துணி, கை, குளிரவைக்கும் தண்ணீர் மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும்.

மடிநோய்க்கும் கன்று வீச்சு நோய்க்கும் மாடுகளைக் கால்நடை மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசியை ஒருமுறை போட வேண்டும். கன்று வீசிய மாட்டின் பாலைப் பரிசோதனை முடியும் வரை சேர்க்காதீர்கள். விற்பதற்கு முன், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம்.