விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்!

பள்ளங்கி, கொடைக்கானல் மலையில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே ஒரு வீட்டில், நள்ளிரவில், பெரியவருக்குத் திடீரென்று வாய் கோணுகிறது. பேச்சுக் குழறுகிறது. ஒரு கை துவண்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் என்ன செய்வார்கள்?

"இந்தக் குளிரில் மலை இறங்குவதா? பொழுது விடியட்டும்" என்பார் ஒருவர். "புறா இரத்தம் தடவினால் சரியாகும்" என்பார் இன்னொருவர்.

இந்தப் பேச்சு முடிவதற்குள் பெரியவரின் கை நிரந்தரமாகப் போய்விடலாம்!

அடைப்பா, கசிவா?

பக்கவாதம் மூளையில் வரும் நோய். இரத்தக் குழாய் அடைபட்டாலும் வரும், வெடித்தாலும் வரும். அடைப்பைக் கரைக்க ஊசி உண்டு. கசிவு உள்ளவருக்கு அதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, முதலில் படம் எடுத்தாக வேண்டும்.

சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவை உடனே காட்டிவிடும். அடைப்பினால் வந்த சேதம் முதல் சில மணி நேரம் அதில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. கருவியில் எடுக்கும் 'டிப்யூஷன்' படம் அதையும் பெரும்பாலும் காட்டிவிடும்.

எப்படி? மூளையில் உள்ள நீர்த் துகள்கள் ஓயாமல் அலைகின்றன. இரத்தம் நின்றதும் மூளை அணுக்கள் நீரை வாங்கி வீங்குகின்றன. துகள்கள் சந்தை நெரிசலில் சிக்கியவர்களைப் போலத் திணறுகின்றன. அந்த இடம் படத்தில் வெள்ளை வெளேர் என்று தெரிகிறது! 1990-ல் அமெரிக்காவில் மைக்கேல் மோஸ்லி குழுவினர் பூனைகளிடம் சோதித்து இதைக் கண்டார்கள்.

நாலரை மணி கெடு

ஊசிக்குக் கெடு பொதுவாக நாலரை மணி நேரம். தூக்கத்தில் வந்தால்? அப்போதும் மனம் தளர வேண்டாம். இந்தப் படத்தை இன்னொரு எம்.ஆர்.ஐ. படத்துடன் ஒப்பிட்டு, சிலருக்கு ஊசி போடலாம் என்று 2018-ல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சி காட்டியது.

ஆனால், சி.டி. பார்த்தே டாக்டர் ஊசி போடலாம் என்றால், எம்.ஆர்.ஐ.யும் வேண்டும் என்று நேரத்தைக் கடத்தாதீர்கள்.

கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டுக்கு 50 கிலோ மீட்டருக்கு மேல். வளைவு வளைவான மலைப்பாதை. இரவில் எந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேனும் ஊசியும் கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது? அந்த விவரத்தை ஒவ்வொரு மலை ஊரிலும் ரேஷன் கடைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். இது அதிகாரிகளின் கடமை.

நமக்கும் கடமை உண்டு. வாய் கோணினால் மணியைப் பாருங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு நல்ல கருவியானாலும் அது மலையேறி நம் வீட்டுக்கு வராது. நாம்தான் நேரத்தோடு போக வேண்டும்!